வெள்ளிக்கிழமை மணி அடிக்கவில்லை

போன மாதம் தஞ்சாவூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். உள்ளே ஒருவர் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. "மேடம், டிஸ்ப்ளே போயிடுச்சா, சார்ஜ் ஏறலையா?" என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் அறைக்குள் நான் நின்றுகொண்டிருப்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த அறை கீழவாசலில் ஒரு மாடியில் இருந்தது. எங்கள் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கிராமங்களுக்கான சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளைச் சென்னையில் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் புத்தகம் அடுக்கினாற்போல் வரிசையாகச் செருகிய கார்டுகள், அவ்வளவுதான். ஓர் ஊரின் பேச்சு முழுக்க அதன் வழியாகத்தான் போய்வரும். நன்னிலம் பக்கம், பட்டுக்கோட்டை பக்கம், கோடியக்கரை போகிற வழி என்று டெல்டா முழுக்க எங்கள் பீரோக்கள் நின்றன. பாலிடெக்னிக் முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். பழுதான கார்டுகளைச் சரிசெய்வது வேலை. கூட ஆரோக்கியசாமி அண்ணன். பூதலூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கார்டைக் கையில் வாங்கியதும் மோந்து பார்த்து, "கருகல் வாடை வருது தங்கச்சி" என்பார். நானும் வாங்கி மோந்து பார்ப்பேன். எனக்கு அவர் போட்டிருந்த வெற்றிலை வாசனைதான் வரும்.

அது கம்பெனிகள் கம்பெனிகளை விழுங்க ஆரம்பித்திருந்த காலம். முதலில் எங்களை ஒரு பெங்களூர் கம்பெனி வாங்கியது. கேக் வந்தது, கைதட்டினோம். அவர்களே கேபிள் கம்பெனி ஒன்றையும் மோடம் கம்பெனி ஒன்றையும் வாங்கிப் போட, வாசல் பலகையில் பெயர் நீண்டுகொண்டே போயிற்று. பிறகு எல்லோரையும் சேர்த்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது. மறுபடி கேக், மறுபடி கைதட்டல். வந்தவர்கள் கேபிளை ஒருவருக்கும் மோடத்தை இன்னொருவருக்கும் விற்றார்கள், பலகை பழையபடி சின்னதாயிற்று. அண்ணன் சிரிப்பார். "நிலம்தான் கை மாறுது தங்கச்சி. குத்தகைக்காரன் நாம அப்படியேதான் இருக்கோம்."

வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு எந்தக் கம்பெனியில் வேலை என்று வந்தவர்கள் கேட்டால் அம்மா திருதிருவென்று விழிப்பாள். "போன மாசம் சொன்ன பேரு இப்ப இல்லீங்க. இருங்க, அவளையே கேட்டுச் சொல்றேன்." அப்போது வந்த வரன் ஒன்று அமையாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். என் மூக்கு காரணமாக இருக்க முடியாது.

வெளிநாட்டுக்காரர்கள் வந்த பிறகு எனக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளர். இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்ததுதான் தகுதி. முதல் வேலை, இனிமேல் கவனிக்க வேண்டியதில்லை என்று முடிவான பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஊர்வாரியாகப் பட்டியல் போடுவது. நாங்கள் ஆரம்பத்தில் செய்த பீரோக்கள் எல்லாமே அதில் வந்தன. மிச்சமிருந்த கார்டுகளைப் பெட்டியில் போட்டுச் சீல் வைத்து பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், அங்கே உடைத்துவிடுவார்கள். அழகாக டைப் அடித்தேன். சீலின் மேல் என் கையெழுத்தைப் போட்டேன். பெருமையாக இருந்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

பட்டியலில் இருந்த ஊர்களில் ஒன்று, பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடலோரத்தில் இருப்பது. வீட்டுக்கு ஓர் ஆம்பிளை சவுதியிலோ துபாயிலோ இருந்தார். எங்கள் பீரோ இருந்த அறைக்கு அடுத்த வீடு பாத்திமா அக்காவுடையது. நாங்கள் போனால் சாப்பிடாமல் விடமாட்டார். அவர் கணவர் சுலைமான் சவுதியில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, அன்றைக்குத்தான் போன் வரும். அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மணி அடித்துக்கொண்டே இருக்கும். நடந்து போனாலே கேட்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை அண்ணன் என் மேஜைக்கு வந்தார். அந்த ஊர் லைன்மேன் பட்டுக்கோட்டையிலிருந்து பேசியிருந்தார். மணி அடிக்க வைக்கிற கார்டு போய்விட்டது. கூப்பிட்டால் லைன் போகிறது, கூப்பிடுகிறவர் காதில் மணிச் சத்தமும் கேட்கிறது, ஆனால் இங்கே எந்த வீட்டிலும் மணி அடிக்கவில்லை.

"ஒரு கார்டு குடு தங்கச்சி. பஸ் ஏறிப் போயி மாட்டிட்டு வந்துடறேன்."

"பெட்டி சீல் ஆயிடுச்சுண்ணே. பெங்களூர்ல கேட்டுட்டு சொல்றேன்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"என் கையெழுத்து போட்ட சீல். நானே எப்படிண்ணே பிரிக்கிறது?"

அண்ணன் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவே இல்லை.

பெங்களூர் மேனேஜர் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தார். "ஒரே ஒரு கார்டா? எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியதுதானே, இதுக்கெல்லாமா கேட்பாங்க?" என்றார்.

புதன்கிழமை நானும் அண்ணனோடு போனேன். கார்டை மாட்டியதும் சோதித்துப் பார்ப்பதற்காக அண்ணன் எப்போதும்போல அடுத்த வீட்டு எண்ணைத்தான் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்த எடுப்பில் ஓர் அழுகுரல் கிளம்பியது. வாசலுக்கு ஓடினோம். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுலைமான் சனிக்கிழமை ஆபரேஷனில் இறந்துவிட்டார். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது.

கணவரை இழந்தவர் இத்தா என்கிற துக்க காலத்தில் இருப்பதால் வெளி ஆண்கள் உள்ளே போகக் கூடாது. அண்ணன் வாசலில் நின்றார், நான் போனேன். பாத்திமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு போனைக் காட்டினார்.

"இப்ப மட்டும் எப்படிம்மா அடிக்குது?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சுலைமான் மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அறையில் கூட இருந்தவர் பட்டுக்கோட்டைச் சொந்தக்காரருக்குச் சொல்லியிருக்கிறார். "ரிங் போவுது, எடுக்க மாட்டேங்குறாளேன்னு சொல்லிக்கிட்டே படுத்தாங்களாம். நான் இந்தா, இந்த எடத்துலதான் உக்காந்திருந்தேன். அசர் தொழக்கூட எந்திரிக்கல. ஒரு தடவ ரிசீவர எடுத்துப் பார்த்தேன், கொர்ருன்னு சத்தம் வந்துச்சு. நல்லாத்தான் இருக்குன்னு வெச்சுட்டேன்."

மணி அடிக்காது என்று லைன்மேன் நாலைந்து பேரிடம் சொல்லியிருந்தார். இவரிடம் யாரும் சொல்லவில்லை.

"லைன்ல ஃபால்ட்டுக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஆண்கள் பக்கம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷமே எக்ஸ்சேஞ்ச் பிரிவை வேறொருவருக்கு விற்றார்கள். கீழவாசல் அறை காலியானது. அண்ணன் ஊரோடு போய் டிவி ரிப்பேர் கடை வைத்தார். இறந்தபோது போயிருந்தேன். அவர் மகள் என்னைப் பார்த்து, "அப்பா சொல்ற மேடம் நீங்கதானா?" என்று கேட்டாள். நான் சென்னை, பெங்களூர் என்று போய், இன்னும் மூன்று கம்பெனிகள் விற்கப்பட்டதையும் மூன்று கேக்குகளையும் பார்த்தேன். ஆபீஸில் எந்த மேஜையிலாவது போன் அடித்து யாரும் எடுக்காமல் இருந்தால் ஓடிப்போய் எடுத்துவிடுவேன். கூட வேலை பார்த்தவர்கள் சுறுசுறுப்பு என்று நினைத்தார்கள்.

அன்றைக்கு ரிப்பேர் கடையிலிருந்து நேரே பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன். பாத்திமா அக்கா இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரமாயிற்று. சீல், கையெழுத்து, வியாழக்கிழமை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்குச் சொல்லி என்னம்மா? நான் பக்கத்துலயேதான் இருந்தேன்னு அவங்களுக்குல்ல தெரியணும்."

எங்கள் பீரோ இருந்த அறையை இடித்துவிட்டு அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். தெருவில் கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தால் எந்த வீட்டிலிருந்தும் மணிச் சத்தம் கேட்காது. எங்களைக் கடைசியாக வாங்கியவர்களும் மூடிவிட்டார்கள், அந்தப் பெயரை வைத்துக்கொள்ளக்கூட ஆளில்லை. மணி அடிக்க வைக்கிற அந்தக் கார்டில் ஒன்றாவது இன்று எங்கேனும் இருக்குமா என்று தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை என் பெட்டியில் பதினாறு இருந்தன.