ரொட்டிக்கு ஈடாக ஒரு ஜெபம்

எங்கள் பேக்கரி முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்தோத்திரம். மாவு பொங்கினால் ஸ்தோத்திரம். வேலைக்காரி ஒருத்தி காய்ச்சலில் படுத்தாலும், அன்றே வேறொருத்தி கிடைத்துவிட்டால் ஸ்தோத்திரம். சைக்கிளில் ரொட்டி விற்றுத் தலையெடுத்தவர். இரண்டாவது அடுப்பு வாங்கிய வருஷம் சபைக்கு ஆறு பெஞ்சு கொடுத்தார். அதில் முதல் பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால், அன்றைய பிரசங்கம் அவர் காதில் ஏறாது.

திங்கள்தோறும் பக்கத்துத் தெரு அநாதை இல்லத்துக்கு இருபத்திரண்டு ரொட்டி கொடுப்பார். எல்லாம் சனிக்கிழமை விற்காமல் நின்றவை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் ஜெபத்தை ஆண்டவர் தட்டமாட்டார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தெரு முக்கில் ஒரு கடை வாடகைக்கு வந்திருந்தது; முதலாளிக்கு அதன்மேல் கண். அதனால் நான் கட்டும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு வைக்க வேண்டும்: 'எங்கள் முதலாளிக்கு முக்குக் கடை கிடைக்க ஜெபியுங்கள்.'

முக்குக் கடை பால்காரருக்குப் போய்விட்டது. அடுத்த திங்கள், பொட்டலம் கட்ட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா காலிப் பையுடன் வந்து நின்றார்.

"அண்ணே, ரொட்டி வரலையே. பிள்ளைங்க தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"உங்க பிள்ளைங்க ஒழுங்கா ஜெபிச்சாங்களா, தங்கச்சி?"

"தினமும் முழங்கால் போட்டாங்கண்ணே."

"அப்புறம் எப்படிக் கடை பால்காரனுக்குப் போச்சு?"

அந்த அம்மாவுக்குப் பொய் வராது. "அவரும் புதன்கிழமை பால் தர்றாருண்ணே. அவரும் அதே கடைக்குத்தான் சீட்டு குடுத்தாரு. பிள்ளைங்க உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஜெபிச்சாங்க."

முதலாளியின் முகம் தீய்ந்த ரொட்டி ஆனது. "என் ரொட்டியைத் தின்னுட்டு அவனுக்கு ஜெபமா? ஆண்டவரையே குழப்பி விட்டுட்டீங்களே!"

"பால் புதுசு, ரொட்டி பழசு. ஆண்டவரு என்ன குழம்பப் போறாரு?" என்று அடுப்படியில் நின்றவர் என் காதில் முணுமுணுத்தார். நான் குனிந்துகொண்டேன்.

"இன்னைக்கு மட்டும் குடுங்கண்ணே. வேற ஏற்பாடு பண்ணலை."

"நான் குடுக்கத்தான் நினைக்கிறேன் தங்கச்சி. உள்ள ஆவியானவர் தடுக்கிறாரே!"

ஆவியானவர் தடுத்த இருபத்திரண்டு ரொட்டியும் அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கில் இருந்தன. அந்த அம்மா அதை ஒரு முறை பார்த்தார். பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். பிள்ளைகள் அன்று வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போயின.

அவர் தெருமுனை தாண்டுமுன் முதலாளி போனில் இன்னொரு இல்லத்தைப் பிடித்துவிட்டார்.

"எத்தனை பிள்ளைங்க ஐயா? நாப்பதா! வேற யாராச்சும் உங்களுக்குக் குடுக்கறாங்களா? ஒருத்தரும் இல்லையா? நல்லது, நல்லது."

போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இருக்கிற இருபத்திரண்டையும் அங்க அனுப்பு. பாதிப் பாதியாப் பிச்சுக்கட்டும். சீட்டு மட்டும் ஆளுக்கு ஒண்ணு, நாப்பது எழுதிடு."

"என்னன்னு எழுதறதுங்க?"

"பால்காரன் கடை காலியாகணும்னு…" சற்று யோசித்தார். "வேணாம், அது நல்லாருக்காது. அவனுக்கு வெளியூர்ல நல்ல இடம் கிடைக்கணும்னு எழுது."