கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் புகுந்த வெயில்

பெங்களூருக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது கன்னடம் இல்லை, வெயில். எங்கள் ஆரணியில் வெயில் காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நகராது. இங்கே லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறி வைட்ஃபீல்ட் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை வந்து போகிறது என்று அதற்கே தெரியாது. வழியில் ஒரு சாலை முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். பஸ் அதற்கடியில் நுழைந்ததும் முகத்தில் வெயில், நிழல், வெயில், நிழல் என்று யாரோ சுவிட்சைப் போட்டு விளையாடுவது போல இருக்கும். சரியாக அந்தச் சாலையில்தான் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும் போன் தினமும் கட்டாகும்.

"கல்யாணப் பேச்சு எடுத்தா மட்டும் எப்படிடி கரெக்டா கட் ஆவுது?" என்பாள் அம்மா, திரும்பக் கூப்பிட்டதும்.

"சென்சார் கோளாறும்மா."

"ஆமா, உன் வேலையே சென்சார்தானே. நீயே அமுக்கிட்டு அது மேல பழி போடு."

அவள் சந்தேகப்பட்டதில் பாதி நியாயம் உண்டு. போனைக் காதில் வைத்தால் திரை தானாக அணைகிறதே, அதைச் செய்யும் சென்சாரின் மென்பொருள்தான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. விஷயம் சிம்பிள். போனின் தலையில் ஒரு குட்டி விளக்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு அடிக்கும். அது கன்னத்தில் பட்டுத் திரும்பினால், கன்னம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், திரையை அணைத்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் வெயிலிலும் அதே அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது. எது நம் விளக்கு, எது சூரியன் என்று சென்சாருக்குத் தெரியாது. அதனால் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை அளப்போம். வருவதெல்லாம் வெளி ஒளி, எங்கள் பாஷையில் இரைச்சல். பிறகு விளக்கைப் போட்டு அளந்து, அதிலிருந்து இரைச்சலைக் கழிப்போம். மீதிதான் கன்னம்.

ஆபீஸ் சோதனைக்குக் கொடுத்த போன்தான் என் சொந்த போனும். எனவே பஸ்ஸில் கட்டானது அம்மாவின் பேச்சு மட்டுமில்லை, வெள்ளிக்கிழமை வாடிக்கையாளரிடம் நாங்கள் காட்டப்போகிற சாமானும்தான். என் வேலை நிரந்தரமாவதும் அன்றைக்குத்தான் முடிவாகும். இல்லையென்றால் ஆரணிக்கு பஸ். அம்மா அதற்கும் தயாராகவே இருந்தாள்.

எங்கள் டீம் லீட் பிரசன்னா இந்த ஊர்க்காரர். வீட்டில் கன்னடம், என்னோடு தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். நான் போய்ச் சொன்னதும் நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை.

"லேப்ல எல்லா டெஸ்டும் பாஸ் மா. உன் பஸ்ல வர்றது நாய்ஸ். திரெஷோல்ட் லெவலைக் கொஞ்சம் ஏத்தி, வீக் சிக்னலை எல்லாம் தூக்கிப் போட்டுடு. முடிஞ்சுது."

"வீக் சிக்னல்னா என்ன சார் தெரியுமா? கறுப்பு முடி. அது அகச்சிவப்பைக் குடிச்சிரும், திருப்பித் தராது. காதுல முடி விழுந்த எந்தப் பொண்ணு பேசினாலும் திரை அணையாது."

"கிளிப் போட்டுக்கச் சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு எரிந்தது. என் முடியும் எங்கம்மா முடியும் இரைச்சலா? போடா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு இடத்துக்கு வந்தேன்.

வந்து உட்கார்ந்தபோதுதான் ஆபீஸைச் சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் கண்ணாடி, நாலு பக்கமும் திரைச்சீலை. கட்டடம் கட்டிய நாளிலிருந்து யாரும் விலக்கியதில்லை போல. ஆரணிக் கல்லூரி ஞாபகம் வந்தது. எங்கள் எலக்ட்ரானிக்ஸ் லேப் மேற்குப் பார்த்தது. மத்தியானம் இதே மாதிரி சர்க்யூட் தப்புத் தப்பாக ரீடிங் காட்டும். "வெயில் பட்டா அப்படித்தான், ஜன்னலைச் சாத்து" என்பார் லேப் உதவியாளர். சாத்துவோம், ரீடிங் வரும், முழு மார்க் வாங்குவோம். ஆரணியில் இருந்து வைட்ஃபீல்ட் வரை எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான். வெயிலைச் சமாளிக்கிற சாமானை ஜன்னலைச் சாத்தி வைத்துச் சோதிக்கிறோம்.

மறுநாள் பஸ்ஸில் போனின் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, சென்சார் அளப்பதையெல்லாம் பதிவு செய்தபடி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து நின்றார்.

"ஏன்மா, வீடியோ மாட்தா இதீயா?"

"இல்லா சார். பிசிலு நோட்தா இதீனி." வெயிலைப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்.

"பிசிலு நோடோக்கே டிக்கெட் யாகம்மா? கெளகே இளிதுரெ ஃப்ரீ."

வெயில் பார்க்க டிக்கெட் எதற்கு, கீழே இறங்கினால் இலவசம் என்கிறார். முன் வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். என் முன்னால் இருந்தவர் மட்டும் படம் எடுக்கிறேன் என்று நினைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். விளக்கிச் சொல்ல என் கன்னடம் போதவில்லை. சிரித்து வைத்தேன். போனை இறக்கவில்லை.

பதிவைத் திறந்ததும் புரிந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க எங்கள் மென்பொருள் வெளி ஒளியை எப்போதாவது ஒருமுறைதான் அளக்கிறது. அந்த அளவை வைத்தே விளக்கின் அடுத்த பல துடிப்புகளுக்குக் கழிக்கிறது. ஆரணி வெயிலுக்கு அது போதும். இங்கே அளக்கும்போது கன்னத்தின் இடுக்கு வழியாக வெயில், கழிக்கும்போது மர நிழல். இல்லாத வெயிலைக் கழித்தால் இருக்கிற கன்னமும் சேர்ந்து காணாமல் போகிறது. திரை எரிகிறது, என் கன்னம் சிவப்புப் பட்டனை அமுக்குகிறது. அம்மா என்னைத் திட்டுகிறாள்.

மாற்றி எழுதினேன். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்து, இரண்டுக்கும் நடுவில் உள்ளதைக் கழிக்க வேண்டும். பேட்டரிக்காக, இதையெல்லாம் அழைப்பு நடக்கும்போது மட்டும். பிரசன்னா கிராஃபைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நம்பலன்னா பஸ்ல வாங்க சார்" என்றேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை காலை லிங்கராஜபுரத்தில் காரை ஓரம்கட்டிவிட்டு ஏறினார். காலேஜுக்குப் பிறகு பஸ்ஸே ஏறியதில்லையாம். ஜன்னலோரம் உட்காரவைத்து, அம்மாவைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்தேன்.

"வணக்கம்மா... ஆமா, சார்தான் பேசறேன்... நல்லா வேலை செய்யுது பொண்ணு... இல்லம்மா, மாப்பிள்ளை எல்லாம் எனக்குத் தெரியாது..."

மரச்சாலை வந்தது. அவர் கன்னத்தில் வெயிலும் நிழலும் ஓடின. திரை எரியவே இல்லை. அம்மாவும் விடவில்லை. வரன், ஜாதகம், மெஸ் சாப்பாடு என்று சாலை முடியும் வரை மனுஷன் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் போனை நீட்டியபோது அவர் முகம் வேர்த்திருந்தது.

"கட்டே ஆகல மா," என்றார் பாவமாக. "நாளைக்கு டெமோ நீயே குடு. டெஸ்டிங் லிஸ்ட்ல இந்த ரூட்டையும் சேத்துடு."

கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். வேலை நிரந்தரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். கொஞ்சம் அளந்துதான் பட்டாள்.

"இப்போ எங்க இருக்க?"

"பஸ்லம்மா. வீட்டுக்குப் போயிட்டு இருக்கேன்."

லிங்கராஜபுரத்து வாடகை அறையை நான் அதுவரை ரூம் என்றுதான் சொல்லியிருந்தேன். வீடு என்றால் அம்மாவுக்கு ஆரணி மட்டும்தான். பஸ் மரங்களுக்கடியில் நுழைந்தது. பழைய மென்பொருளாக இருந்தால் இந்நேரம் கட்டாகியிருக்கும், இரண்டு பேருமே சென்சார் மேல் பழி போட்டிருப்போம். ஒரு கன்னத்தில் சாயங்கால வெயில் வந்து வந்து போனது. இன்னொரு கன்னத்தில் அணைந்த திரை, அதற்குள் ஆரணி வீட்டு ஃபேன் கடகடக்கிற சத்தம்.

"லைன்ல இருக்கியாடி?"

"இருக்கேம்மா."