பதினெட்டாம் நம்பர் ஊசி

நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும் என்று நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். குமாரபாளையத்தில் வருடக்கணக்காக விசைத்தறி ஓட்டியவனிடம் நம்பரைப் பற்றி வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்? நூலில் நாற்பதாம் நம்பர் என்றால் தடிமன். எண்பது என்றால் மெலிசு. நூறு என்றால் தும்மினாலே அறுந்துபோகும். எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். ஊசி மட்டும் தலைகீழாக நடந்துகொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

தறியை விட்டுவிட்டு, சேலத்தில் ஒரு தையல் மிஷின் சாமான் கடையில் சேர்ந்த முதல் வாரம் அது. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கிளம்பும்போது, "சண்முகம், யாராச்சும் வந்தா உக்கார வையி. நீயா எதையும் எடுத்துக் குடுத்துராத" என்றார். "செரிங்க பாய்" என்றேன். அவர் தெருமுனை திரும்பியதும் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் சூரமங்கலத்திலிருந்து கலைச்செல்வி வந்தார். ரயில்வே ஆபீசில் வேலை. தையல் மிஷின் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பையிலிருந்து ஆரஞ்சு நிறத் துணி ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். பாராசூட் துணி என்போமே, அது. பெரிய துணிகூடக் கைக்குள் அடங்கிவிடும். தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடும்.

"இதுல டென்ட் தைக்கறேங்ணா. அடுத்த சனிக்கிழமை கொல்லிமலை போறோம். செம்மேட்டுக்குப் பக்கத்துல தெரிஞ்சவங்க அன்னாசித் தோட்டம் இருக்குது. மாமியாரையும் கூட்டிட்டுப் போறேன்."

"பெரியவங்களை எதுக்குங்க டென்டுல படுக்க வெக்கறீங்க?"

"கடையில விக்கறத வாங்காம நீ தெச்சு, அதுல நான் படுக்கோணுமான்னு கேட்டுட்டாங்க. படுக்க வெச்சுக் காட்டறேன்னு நானும் சொல்லிட்டேன். அவங்களுக்கு ஈரம் பட்டா வீசிங் வந்துரும். அதனால பாத்து நல்ல ஊசியாக் குடுங்க."

ஒரு மாமியார்-மருமகள் சண்டையின் தீர்ப்பே என் கையில் இருக்கிறது என்றதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "மெலிசுத் துணிக்கு மெலிசு ஊசிதானுங்க. இருக்கறதுலயே பெரிய நம்பராத் தாரேன்" என்று பதினெட்டாம் நம்பர் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். கூடவே மெலிசான பாலியஸ்டர் நூல்கண்டு. நூல் சரிதான். நூலில் நான் தப்பு செய்ய மாட்டேன். ஊசியில் ஒன்றையாவது வெளியே எடுத்துப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக, "எங்க ஊரே நெசவு ஊருங்க" என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம், ஜீன்ஸ் தைக்க ஊசி வேண்டும் என்று ஒரு டெய்லர் வந்தார். "பதினெட்டு எடுப்பா" என்றார் பாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க பாய், ஜீன்ஸுக்குப் போயி அத்தன மெலிசா?"

பாய் பாக்கெட்டைப் பிரித்து ஓர் ஊசியை என் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் பதினொன்றாம் நம்பர் ஒன்றையும் வைத்தார். ஒன்று ஆணி, மற்றது முடி. பதினெட்டுதான் ஆணி.

"நூலுல நம்பர் ஏறுனா எளைக்கும். ஊசியில நம்பர் ஏறுனா கொழுக்கும். நீ யாருக்காச்சும் எடுத்துக் குடுத்தியா?"

சொன்னேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பருத்தித் துணின்னா ஊசி குத்துன ஓட்டை தொவைச்சா மூடிக்கும். இது அப்படியே நிக்கும்ப்பா. அந்தம்மா தெச்சிருக்கறது டென்ட் இல்ல, சல்லடை."

அவர் சொல்லி முடிக்கவும் வெளியே சடசடவென்று மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

கடைக்கு வருவதற்கு முன்பே கலைச்செல்வி துணியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்த நம்பர் கடை வாட்ஸ்அப்பில் இருந்தது. கூப்பிட்டேன், போகவில்லை. மெசேஜ் போட்டேன், ஒற்றை டிக்கில் நின்றது. அதற்குள் என் மூளை மறுநாள் பேப்பரை அச்சடித்து முடித்துவிட்டது. 'ஊசி விற்றவர் கைது. மாமியார் கவலைக்கிடம்.' கூடவே போட்டோ. அதில் நான் துண்டால் முகத்தை மூடியிருந்தேன்.

பக்கத்தில் லாரி படுதா தைக்கிற பட்டறை. அங்கே ஒரு துண்டுப் படுதாவை இரவல் வாங்கி, பைக்கின் பின்னால் கட்டினேன். "ரெயின்கோட் போட்டுட்டுப் போப்பா" என்று பாய் கத்தினார். "நேரமில்லீங்க" என்றேன். ராசிபுரம் தாண்டும்வரை மழை முகத்தில் அறைந்தது. மலையடிவாரம் வந்ததும் கொண்டை ஊசி வளைவுகள். ஊசி என்ற சொல்லை அங்கேயும் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு வளைவுக்கு வளைவு நம்பர் பலகை வேறு. பதினெட்டாவது வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாமா என்று யோசித்தேன்.

செம்மேட்டு டீக்கடையில் வழி கேட்டு, தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆரஞ்சு டென்ட் நின்றது. வாசலில் கலைச்செல்வி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மாமியார் உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்தார். நான் சொட்டச் சொட்ட நின்றேன்.

"ஏனுங்ணா, ஆத்துல விழுந்துட்டீங்களா?"

"மழைங்க..."

"மழையா? எங்கீங்க?"

அண்ணாந்து பார்த்தேன். வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

மாமியார் தலையை நீட்டினார். "ஆரு சாமி இது?"

"ஊசி குடுத்த கடைக்காரருங்க அத்தை."

"அப்பிடியா? ஏஞ்சாமி, உள்ள படுத்தாத் தையல் பூரா வெளிச்சம் பொட்டுப் பொட்டா மினுக்குது. எம்மருமவளுக்கு இத்தன வேலைப்பாடு வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதே!"

கலைச்செல்வி என்னைப் பார்த்தார். அந்த வேலைப்பாடு யார் கைங்கரியம் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. இப்போது நான் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்தது.

"ஆமாங்கம்மா, காத்துப் போறதுக்குங்க" என்றேன். "ராத்திரிக்கு மட்டும் இந்தப் படுதாவ மேல போட்டுக்கோணும்."

படுதாவை இழுத்துக் கட்டி, கொடுத்த கடலையைத் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கினேன்.

இன்றைக்கு அந்தத் துணியோடு யார் கடைக்கு வந்தாலும் பதினொன்றாம் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒன்று சொல்வேன். முதலில் துண்டுத் துணியில் ஒரு சாண் தைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் ஊசியை மாற்றுங்கள். தைத்து முடித்த பிறகு தண்ணீர் இறங்காமல் இருக்கத் தையல் மேல் சிலிக்கோன் பசை பூசுங்கள். நம்பரை நம்பாதீர்கள். கடைக்காரனை அதைவிட நம்பாதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஊசி மாற்ற வந்த கலைச்செல்விதான் மீதியைச் சொன்னார். சனிக்கிழமை ராத்திரி கொல்லிமலையில் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. படுதாவுக்குள் புழுக்கம் தாங்காமல் மாமியாரே எழுந்து அதை உருவிப் போட்டுவிட்டு, விடியும்வரை நன்றாகத் தூங்கியிருக்கிறார். வீசிங் வரவில்லை. அவர் இதைச் சொல்லும்போது நான் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன்.