முனிர்காவிலிருந்து தில்ஷாத் கார்டன்: ‘சூடு’ என்று நம்பி மூன்று வாரம் வீணாக்கியவனின் வழிக்குறிப்பு

இந்தப் பயணம் ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர்தான். மெட்ரோவில் ஐம்பத்து நான்கு ரூபாய். போய்ச் சேரும் இடம் ஓர் அரசு மருத்துவமனையின் தோல், பால்வினை நோய்ப் பிரிவு. மலை, ஏரி, கோட்டை தேடி வந்தவர்கள் என் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம். டெல்லியில் இருந்துகொண்டு, இந்த இடத்துக்குப் போக வேண்டியிருந்தும் போகாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் நிச்சயம் இருப்பீர்கள். நானே அப்படித்தான் இருந்தேன்.

முதலில் காரணம். எனக்கு இருபத்தெட்டு வயது. கரூர்க்காரன், லிப்ட் சர்வீஸ் எஞ்சினியர். முனிர்காவில் வாடகை அறை. மெர்சிக்கு மார்த்தாண்டம். என்னைவிட ஒரு வயது இளையவள், ஷாஹ்தராவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வருடப் பழக்கம் நவம்பரில் சண்டையாகி முறிந்தது. மார்ச் நடுவில் வேலைக்காகச் சண்டிகர் போன இடத்தில் இன்னொரு பெண்ணோடு ஒரே ஒரு தடவை. ஆணுறை இல்லை. ஈஸ்டருக்கு மெர்சியே போன் செய்தாள், சேர்ந்துவிட்டோம். அன்றும் ஆணுறை இல்லை. இதற்குள் அவளுக்கு ஜெர்மனியில் வேலை உறுதியாகி, டிக்கெட்டும் போட்டாயிற்று. நான் கிளம்பிய செவ்வாய்க்கிழமை அவள் விமானத்துக்குப் பத்தொன்பது நாள் பாக்கி.

ஈஸ்டருக்குச் சில நாள் முன்பிருந்தே சிறுநீர் போகும்போது எரிந்தது. நம்மூர் ஆள் எவனாவது இதற்கு டாக்டரிடம் போவானா? சூடு என்று முடிவு கட்டினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் விற்கும் அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார். “தம்பி, இந்த ஊரு வெயிலுக்கு நீர்க்கடுப்பு வராம இருந்தாத்தான் அதிசயம். வெந்தயத்த ஊறப்போட்டுக் குடிங்க. சனிக்கிழமை தலைக்கு எண்ணெ வச்சு முழுகுங்க.” வெந்தயம், நல்லெண்ணெய், ஒரு பாட்டில் நன்னாரி எல்லாம் சேர்த்து நானூற்று நாற்பது ரூபாய். மூன்று வாரம் முழுகினேன். குறைவதுபோல இருந்தது, பிறகு திரும்பி வந்தது. இதுதான் பொறி. எரிச்சல் தானாகவே குறையும். கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும்.

ஒரு ஞாயிறு போனில் பேச்சோடு பேச்சாக மெர்சியிடம் சொன்னேன்.

“மூணு வாரமாட்டா சூடு?” என்றாள்.

“ஆமா. வெந்தயம் குடிச்சா குறையுது.”

“லேய், ஒழுக்கு உண்டா?”

“காலைல லேசா.”

“நவம்பருக்குப் பொறவு வேற யாரும் உண்டா?”

சொன்னேன்.

“ஈஸ்டர் அன்னைக்கு இதச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலியா?”

“கம்பெனி ஹெல்த் செக்கப்ல எல்லாமே நார்மல் மெர்சி. ரிப்போர்ட் அனுப்பறேன் பாரு.”

அனுப்பினேன். எழுபதுக்கும் மேற்பட்ட அளவுகள், எட்டுப் பக்கம், எல்லாம் பச்சை நிறம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘சர்க்கரை இருக்கு, கொழுப்பு இருக்கு, வைட்டமின் டி கூட இருக்கு. வேண்டியது ஒண்ணுகூட இதுல இல்ல. போய் டெஸ்ட் எடு. அதுவரை இந்தப் பக்கம் வராத.’

நானும் பார்த்தேன். உண்மைதான். எந்தப் பேக்கேஜ் வாங்கினாலும் என்னென்ன சோதிக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா என்று தனியாகக் கேட்டால்தான் பெரும்பாலும் செய்வார்கள்.

முனிர்காவுக்குப் பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வேலை செய்யும் தமிழ் நர்ஸ்களில் பாதிப்பேர் மெர்சியோடு ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதனால்தான் ஊரின் மறுகோடிக்குப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. தில்ஷாத் கார்டன் ரயில் ஷாஹ்தரா வழியாகப் போகும்.

காலை 6.50 முனிர்கா. ஹௌஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறி, காஷ்மீரி கேட்டில் சிவப்புத் தடத்துக்கு மாற வேண்டும். அந்த நேரத்திலேயே நிற்கத்தான் இடம். யமுனையைத் தாண்டியதும் பெட்டி கொஞ்சம் காலியாகும். இந்த வழியில் நான் இரண்டு வருடம் போயிருக்கிறேன். எந்தப் பெட்டியில் ஏறினால் ஷாஹ்தராவில் படிக்கட்டுக்கு நேராகக் கதவு திறக்கும் என்று தெரியும். அன்றும் அதே பெட்டியில் ஏறியிருந்தேன். கதவு திறந்தது, நான் இறங்கவில்லை. ரயில் மேம்பாலத்தில் ஓடுவதால் அவள் ஹாஸ்டல் மொட்டைமாடி சில விநாடி தெரியும். கொடியில் சீருடைகள் காய்ந்தன. எது அவளுடையது என்று பார்ப்பதற்குள் ஒரு விளம்பரப் பலகை மறைத்துவிட்டது. இன்னும் மூன்று ஸ்டேஷன். 8.05க்குத் தில்ஷாத் கார்டன், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பத்து ரூபாய்.

பதிவுச் சீட்டு வரிசையில் ஐம்பது நிமிடம். ஆதார் அட்டை கேட்டார்கள், பணம் கேட்கவில்லை. எந்த மாடி என்று காவலாளியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் ஹால் முழுக்கக் கேட்கும்படி, “குப்த் ரோக்? தீஸ்ரா ஃப்ளோர், பையா! ஜல்தி ஜாவ்!” என்றார். ரகசிய நோய், மூன்றாவது மாடி, சீக்கிரம் போ என்று அர்த்தம். வரிசையில் நின்ற ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் வியாதி. மூன்று வாரம் நான் பயந்தது இதற்குத்தான், அது நான்கு விநாடியில் முடிந்துவிட்டது.

லிப்ட் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, அது வேறு கதை.

டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர். நடந்ததை இந்தியில் சொன்னேன். வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “மகனே, வெயில் டெல்லி முழுக்க அடிக்கிறது. எல்லோருக்குமா இப்படி ஒழுகுகிறது?” திரைக்குப் பின்னால் பரிசோதனை, கண்ணாடித் துண்டில் மாதிரி, கையிலிருந்து ரத்தம். மாதிரி எடுக்கும்போது கூச்சம்தான், வலி கொஞ்சம். எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடம். சோதனைக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்தே சிறுநீர் கழிக்காதீர்கள். நான் காஷ்மீரி கேட்டில் போய்விட்டு வந்ததால் தேவையில்லாமல் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

ரத்தத்தில் எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸ் இல்லை. கண்ணாடித் துண்டில் கொனோரியா. கிளமிடியாவும் கூடவே இருக்கலாம் என்று இரண்டுக்கும் சேர்த்து மருந்து. எச்.ஐ.வி.க்கு, சண்டிகர் போய் மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும், சீக்கிரம் பார்த்தால் தெரியாமல் போகலாம்.

பிறகு ஆலோசகர். நாற்பது வயதுப் பெண்மணி, சுற்றி வளைக்காதவர். எனக்குப் பிடித்துப்போயிற்று. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை: இவை பெண்குறி, ஆசனவாய், வாய் எந்த வழி உறவிலும் பரவும். பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஓர் அறிகுறியும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தை தங்காமல் போகலாம். சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் ரத்தம் வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். கழிப்பறையில் உட்காருவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ இவை வராது. ஆணுறை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வேண்டும், பாதியில் போடுவது ஏமாற்று வேலை. அது மூடாத தோல் வழியாக ஹெர்பிஸும் சிபிலிஸும் வரலாம், அதனால் ஆணுறை போட்டாலும் சோதனை தேவை. ஹெபடைடிஸ் பி, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தரக்கூடிய எச்.பி.வி. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று சந்தேகப்படும் சம்பவம் நடந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போனால் தடுப்பு மருந்து தருவார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அவர் மேஜைமேல் இரண்டு சாம்பல் நிறப் பொட்டலங்களை வைத்தார். ஒன்றை என் பக்கம் தள்ளி, “இதை இங்கேயே விழுங்கு. அடுத்தது உன் துணைக்கு. அவரை அழைத்து வந்தால் நல்லது. முடியாவிட்டால், மருந்து ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா என்று கேட்டுவிட்டுக் கொடு. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்து ஏழு நாள் உறவு கூடாது. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் அவரிடமிருந்து இவருக்குத் திரும்பி வரும்” என்றார்.

1.20க்கு வெளியே வந்து மெர்சிக்கு போன் செய்தேன். கொனோரியா என்றேன். “தெரியும்” என்றாள். “நேத்தே நானும் டெஸ்ட் குடுத்தாச்சு. ரிசல்ட் நாளைக்குத்தான்.”

“ஒனக்கும் ஒரு பாக்கெட் குடுத்திருக்காங்க. கொண்டு வரட்டுமா?”

“கேட்டுக்கு வா. அஞ்சு நிமிஷம்தான், டூட்டி உண்டு.”

ஷாஹ்தரா ஸ்டேஷனிலிருந்து அவள் மருத்துவமனைக்கு எண்ணூறு மீட்டர், நடந்தேன். சீருடையில் வந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டியிருந்தாள், ஜெர்மனிக்காக இருக்கும். கேட்கவில்லை. ஆலோசகர் சொன்ன கேள்விகளை மட்டும் கேட்டேன். ஒவ்வாமை இல்லை, கர்ப்பம் இல்லை. என் கைபடாமல் பொட்டலத்தின் மூலையைப் பிடித்து வாங்கினாள்.

“ஏழு நாள் தொடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல” என்றேன்.

“அத நான் சொல்லுகேன்.” சிரிக்கவில்லை. “சண்டிகர்காரிக்குச் சொன்னியா?”

“இல்ல.”

“எனக்குச் சொன்ன, எதுக்கு? ஒனக்கு நான் வேணும். அதனால. அந்தப் பிள்ளை ஒனக்கு வேண்டாம், அதனால சொல்லல. அவளுக்கு ஒண்ணும் தெரியாம இருக்கும் கேட்டியா. எரியக்கூட எரியாது. நாளைக்கு அவளுக்குக் குழந்தை தங்கலன்னா யாருக்குப் புரியும்?”

“அவ என்னைக் கேவலமா நெனைப்பா.”

“நெனைக்கட்டு. மொதல்ல அவளக் கூப்பிடு. பொறவு என்னக் கூப்பிடு.” திரும்பிப் போய்விட்டாள். மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது.

ஷாஹ்தரா பிளாட்பாரத்தில் நான்கு ரயில்களை விட்டேன். பிறகு அழைத்தேன். இந்தியில் சொன்னேன், நோயின் பெயரோடு, ஒன்றையும் மெழுகாமல். எதிர்முனையில் முதலில் கெட்ட வார்த்தை. அப்புறம், “எனக்கு ஒன்றும் இல்லையே” என்றாள். “எதுவும் தெரியாமலும் இருக்கும்” என்றேன். எங்கே போக வேண்டும், எந்தப் பிரிவைக் கேட்க வேண்டும், என்ன மருந்து என்று அவளே கேட்டு எழுதிக்கொண்டாள். பதினொரு நிமிடம். வைக்கும்போது நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள், எட்டு மணிக்குள் வரிசையில் நில்லுங்கள். தெருமுனை மருந்துக்கடையில் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள், சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகும். எண்ணெய்க் குளியல் நல்லதுதான், வேறு நாளில் குளியுங்கள். பக்கத்து மருத்துவமனைக்கே போங்கள். திரும்பி வரும்போது போன் செய்ய வேண்டியவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். அதில் நீங்கள் விரும்பாதவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

இதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். அவள் விமானத்துக்குப் பதினாறு நாள். அவளுக்கும் பாசிடிவ், செவ்வாய் மாலையே மருந்தைச் சாப்பிட்டுவிட்டாள். சண்டிகரை அழைத்துவிட்டேன் என்று நான் அனுப்பிய செய்திக்கு இரண்டு நாள் பதில் இல்லை. இன்று காலை வந்தது: ‘ஞாயிறு பதினொண்ணரைக்கு சர்ச் முடியும். கேட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு. கிட்ட வராத.’

முனிர்காவிலிருந்து அந்தச் சர்ச்சுக்கு ஒன்றே கால் மணி நேரம். நான் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவேன்.