மாறிப்போன பட்டை

இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, நாயின் கழுத்துக்குப் போடும் கரண்ட் பட்டையின் இரண்டு உலோக முனைகளையும் மணிக்கட்டின் உள்பக்கத் தோலில் அழுத்தி வைத்துக்கொண்டு, ரிமோட்டின் பட்டனை அமுக்குகிறார் மாஸ்டர். தோலுக்கடியில் ஒரு நரம்பு துள்ளுகிறது. ரிமோட்டில் இருக்கும் திருகைச் சற்றுக் குறைத்து மறுபடியும் அமுக்குகிறார். இப்போது நரம்பு துள்ளவில்லை. புருவம் மட்டும் லேசாக ஏறி இறங்குகிறது. "ம், இது போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் நாயிடம் குனிகிறார். "வாங்க, பட்டை போட்டுக்கலாம்."

நாய்களுக்கு வேலை பழக்குவது அவர் தொழில். கிடங்குக் காவலுக்கு, மந்தை ஓட்டுவதற்கு, இடிந்து விழுந்த கட்டடத்துக்குள் ஆளை மோப்பம் பிடிப்பதற்கு என்று தனித்தனியாகப் பழக்குவார். ஊருக்கு வெளியே ஒரு காலத்தில் மரக்கடையாக இருந்த இடம்தான் பயிற்சித் திடல். அதன் ஒரு மூலையில் நாய்க் கூண்டுகள், இன்னொரு மூலையில் வீடு. அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிற அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு; மின் மீட்டர் பார்க்க வருகிறவர் உட்பட எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டு, அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் செய்துவிட்டார்கள்.

நாய்க்கு மரியாதை, ஆளுக்கு அதட்டல் என்பது அவருடைய வழக்கம். பெரிய காரில் வந்து இறங்கிய கிடங்கு முதலாளியைப் பார்த்து, "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லு, அவர் வேலையைப் பாக்கட்டும்" என்றார் ஒரு முறை. 'அவர்' என்பது, அந்த நேரத்தில் முதலாளியின் கார்ச் சக்கரத்தை நனைத்துக்கொண்டிருந்த ஒரு குட்டி அல்சேஷன். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் வேகவைத்த ஈரல் துண்டுகள் இருக்கும். "இவர் சட்டைய அலசின தண்ணிய வெளிய ஊத்துனா, தெரு நாயெல்லாம் வரிசையில வந்து நிக்குது" என்பார் மனைவி. அந்த அம்மாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

கரண்ட் பட்டை பாவமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மாஸ்டர் வாதம் செய்ய மாட்டார். கேட்டவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையை வைப்பார். இன்ஷூரன்ஸ் பிடிக்க வந்த ஒரு ஏஜென்ட் பட்டனை அமுக்குவதற்கு முன்பே எகிறிக் குதித்து, தண்ணீர்த் தொட்டியில் ஒரு காலை விட்டார். "பாத்தியா, கரண்ட விட பயம்தான் பெருசு" என்றார் மாஸ்டர் சிரிக்காமல். "இது கடிக்கக் கூடாது. தோளைத் தட்டிக் கூப்பிடுற மாதிரி இருக்கணும். கடிச்சிடுச்சுன்னா தப்பு உன் கையில."

புதிதாக நாய் வாங்கி வருகிறவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "பட்டன அமுக்குறப்ப நாய் எதைப் பாத்துக்கிட்டு இருக்குன்னு பாரு. வலி அங்கேருந்துதான் வந்துச்சுன்னு அது நம்பிடும். ஆட்டைப் பாத்துக்கிட்டு இருந்தா, ஆடுதான் சுட்டுச்சு. உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தா, நீதான். அப்புறம் நீ கோர்ட்டுக்குப் போனாலும் அந்தத் தீர்ப்பு மாறாது."

கூட்டத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். போன வருஷம் வரைக்கும் அவரும் கூடச் சிரிப்பார்.

அந்த வீட்டில் மேனேஜர் என்று ஒருத்தி இருக்கிறாள். கறுப்பும் பழுப்புமாக, ஒரு காது மடிந்த பெண் நாய். காலையில் எல்லாக் கூண்டுகளையும் ஒரு சுற்று சுற்றி மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள் என்பதால் அந்தப் பெயர். இடிபாடுகளில் ஆள் தேடுவதில் அவளுக்கு ஈடு கிடையாது. கல்லும் கம்பியுமாகக் குவிந்து கிடந்த இடத்தில், எல்லோரும் கைவிட்டுக் கிளம்பிய பிறகு, அவள் ஒரே இடத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்ததால் உயிரோடு வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். அவள் பட்டைக்கு வருஷக்கணக்காக யாரும் பட்டன் அமுக்கியதில்லை. புது நாய்கள் அவளைப் பார்த்துப் பழகட்டும் என்பதற்காகத் திடலில் அவளும் பட்டை கட்டிக்கொள்வாள். "அவங்களுக்கு அது நகை மாதிரி" என்பார் மாஸ்டர். வேலை முடிந்ததும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அவள் விஷயத்தில் மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்.

மாஸ்டரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. பேச்சு குழறியது. அவர் சொல்வது மாஸ்டருக்கு மட்டும்தான் புரியும். மருந்து, மாத்திரை, பயிற்சி எல்லாம் நடந்தது. வாரத்தில் சில நாட்கள் உடற்பயிற்சி கொடுக்கும் பெண் வந்து கையை மடக்கி நீட்டிவிட்டுப் போவாள். கை மரக்கட்டையாகவே கிடந்தது.

மதியம் ஆனதும் மேனேஜர் தானாக வீட்டுக்குள் போய், கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த அம்மாள் இடது கையால் வலது கையைத் தூக்கி அவள் கழுத்தின் மேல் போட்டுக்கொள்வார். இப்படியே மாதக்கணக்கில் போனது. ஒரு நாள் அந்த ரோமத்துக்குள் சுட்டுவிரல் அசைந்தது. பிறகு நடுவிரல். மாஸ்டர் திடலில் இருந்த நாய்களையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார். இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதது மாஸ்டர்தான்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணும் கட்டிலுக்கருகே வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்தச் சில மாசம்தான் அக்கா முக்கியம். விடாம அசைச்சுக்கிட்டே இருங்க. விட்டுட்டா இறுகிடும், அப்புறம் கொண்டுவர முடியாது. தானா துடிச்சா ரொம்ப நல்லது, துடிக்க விடுங்க."

அதற்குப் பிறகு ஒரு மதியம்தான் அது நடந்தது. காலையில் வழக்கம்போல் இரண்டு பட்டைகளையும் தன் கையில் வைத்துப் பார்த்தார் மாஸ்டர். இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. பலகையின் மேல் வைத்தார். யாரோ போனில் கூப்பிட்டார்கள். பேசிக்கொண்டே எடுத்து மாட்டினார். இரண்டும் ஒரே கறுப்பு. ஒன்றில் அடையாளத்துக்குச் சுற்றியிருந்த சிவப்பு டேப் முந்தின நாள் மழையில் கழன்று போயிருந்தது. மேனேஜரின் பட்டை, வந்து சில நாட்களே ஆன ஒரு முரட்டு ஆண் நாயின் கழுத்துக்குப் போனது. அவன் ரிமோட்டுக்கு மட்டும் கட்டுப்படுகிற அவனுடைய பட்டை மேனேஜர் கழுத்துக்கு வந்தது.

மதியம் மேனேஜர் உள்ளே போய்விட்டாள். திடலின் கதவு திறந்திருந்ததைப் பார்த்த முரடன், ஒரு பூனையை விரட்டிக்கொண்டு சாலையை நோக்கிப் பாய்ந்தான். லாரி வரும் சத்தம். மாஸ்டர் அமுக்கினார். அவன் நிற்கவில்லை. திருகைக் கூட்டி அமுக்கினார். நிற்கவில்லை. உயிர் போய்விடுமே என்ற பதற்றத்தில் திருகை முழுக்கத் திருப்பி, பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தார்.

அலறல் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

பூனை மதிலேறித் தப்பியது. லாரி ஒதுங்கிப் போனது. முரடன் ஒன்றுமே நடக்காதது போல் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தான். மாஸ்டர் உள்ளே ஓடியபோது அறையில் மேனேஜர் இல்லை. தரை நனைந்திருந்தது. மனைவி இடது கையால் தாங்கிப் பிடித்திருந்த வலது கை அந்தரத்தில் அப்படியே நின்றது. "நான் என்ன பண்ணேன்? விரலைத்தான் அசைச்சேன்" என்று குழறிக் குழறிக் கேட்டார். மேனேஜர் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அம்மாளின் முகத்தை. கழுத்தில் அசைந்தது அவர் விரல்.

அன்று சாயங்காலமே மாஸ்டர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நான்தான். பட்டை மாறிப்போச்சு. கரண்டு சரியா இருக்கான்னு பாத்தேன், யாருக்குப் போகுதுன்னு பாக்கல." அந்த அம்மாள் "சரி விடுங்க. வேணும்னா பண்ணீங்க?" என்றார். மனுஷியிடம் சொல்லிப் புரியவைத்துவிட்டார். கொல்லைச் சுவரை ஒட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தவளிடம் எந்தப் பாஷையில் சொல்வது? ஈரலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் கையை நக்கினாள். அவர்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

சில நாட்கள் பட்டைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்தார். பிறகு ஆட்டுப் பண்ணையிலிருந்து, சாலையில் வண்டிகளைத் துரத்தும் ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. "கத்தி கையைக் கிழிச்சா, அப்புறம் பல்லால கடிச்சா காய் நறுக்குவ?" என்று, இதற்குப் பிறகுமா பட்டை எனக் கேட்டவர்களிடம் திருப்பிக் கேட்டார். பேச்சு பழைய பேச்சுத்தான். கேட்டவர்களின் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

மேனேஜரைத் திரும்ப அழைத்துவர, தெரிந்த வித்தையெல்லாம் செய்தார். சாப்பாட்டுத் தட்டை நாளுக்கு நாள் ஒரு சாண் நகர்த்தி, கூடம் வரை கொண்டுவந்தார், நிலைப்படி வரை கொண்டுவந்தார். அவசரப்படவில்லை. ஒரு நாள் கட்டில் கால் வரை வந்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு இருந்த சந்தோஷத்தில் வலது கை தானாக எழும்பியது. அவ்வளவுதான், வந்த வழியே பறந்துவிட்டாள். மறுபடி கொல்லையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தது மாஸ்டர் இல்லை, அவர் மனைவி. கண்ணை மூடி, வலது கையைப் போர்வைக்குள் அசையாமல் வைத்துக்கொண்டு, தூங்குவதுபோல் கிடந்தால் மேனேஜர் வருகிறாள். வந்து பழையபடி கட்டில் விளிம்பில் முகவாயை வைத்துக்கொள்கிறாள். கைப் பயிற்சி செய்த நாட்களில் மட்டும் வருவதில்லை. அந்த நாட்களில் விரல்கள் பொழுதுக்கும் தாமாகத் துடித்துக்கொண்டிருக்கும். போர்வை அசைந்தால் போதும், அவள் வாசலோடு திரும்பிவிடுவாள்.

அந்த அம்மாள் பயிற்சியை நிறுத்திவிட்டார். பயிற்சி கொடுக்கும் பெண் வந்தால் தலைவலி என்று திருப்பி அனுப்பினார். மாஸ்டருக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாள் முதல் இல்லாத வழக்கமாக மனைவியிடம் குரலை உயர்த்தினார்.

"கை வந்தா நீயே எழுந்து உக்காரலாம். நீயே சாப்பிடலாம். ஒரு நாய்க்காக யாராவது கையை விடுவாங்களா?"

"இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எந்த மலையைப் புரட்டப் போறேன்?" என்றார் அந்த அம்மாள், ஒவ்வொரு சொல்லாக. "நீங்க பொழுதுக்கும் திடல்ல இருக்கீங்க. எங்கிட்ட வந்து நிக்கறது அவ ஒருத்திதான். அவ என்னைக் கண்டு பயப்படறத என்னால தாங்க முடியல. கை போனா போகட்டும். அவ வரட்டும்."

எத்தனையோ நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கியவர் வீட்டில், இப்போது அசையாமல் படுக்கப் பழகிக்கொண்டிருப்பது அவர் மனைவி. மேனேஜரை அடைத்து வைத்துவிட்டுப் பயிற்சியை மறுபடி ஆரம்பித்தால் என்ன என்று தினமும் காலையில் யோசிக்கிறார். மதியம் கொல்லைக் கதவைத் திறந்துவிடுகிறார்.

இன்று மதியமும் திறந்துவிட்டார். மேனேஜர் கூடத்தில் நின்று மோப்பம் பிடித்தாள். நிலைப்படியில் ஒரு காலைத் தூக்கியபடி யோசித்தாள். பிறகு உள்ளே போய், கட்டில் விளிம்பில் தலையை வைத்துப் பெருமூச்சு விட்டாள். மூடிய கண்களோடு கிடந்த அந்த அம்மாளின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு மெல்லக் கூடியது. நோயில் விழுந்த பிறகு அவர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை மாஸ்டர் பார்த்ததில்லை. வாசலிலேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

அப்போது போர்வை அசைந்தது. பல நாட்களாகப் பயிற்சியே இல்லாத கை. ஆனாலும் விரல்கள் தாமாக எழுந்து, துணிக்கடியில் எதையோ தேடின. மேனேஜரின் காதுகள் பின்னால் படிந்தன. முன்னங்கால்கள் ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தன. அந்த அம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது; கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார், இமைகள் மட்டும் நடுங்கின.

மாஸ்டர் சத்தமில்லாமல் கட்டிலருகே வந்து மண்டியிட்டார். போர்வையின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அடியில் விரல்கள் ஒரு முறை நெளிந்தன, இன்னொரு முறை நெளிந்தன. அவை அடங்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை.