முப்பது வருஷ அனுபவமும் ஒரு வாளித் தண்ணீரும்

ரங்கூனின் ஷ்வேப்யிதா பகுதியில் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அதற்கு முன் அதே ஊரின் தாமுவே பகுதியில் உளுந்து, பாசிப்பயறு குடோனில் முப்பது வருஷம். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அதனால் புது முதலாளியிடம், "குடோன்ல எனக்குத் தெரியாததே கிடையாது" என்று கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன்.

சரக்கு பெல்லட். மரத்தூளை மெஷினில் அழுத்திப் பென்சில் கனத்தில் சிறு துண்டுகளாக்கியது. குளிர் நாடுகளில் இதை எரித்து வீட்டைச் சூடாக்குவார்களாம். "காசு குடுத்தா சூடு வாங்குறாங்க? நம்ம தகரக் கூரைய அனுப்பி வைங்க" என்றாள் மனைவி. மூட்டை கிடையாது. பலகைத் தடுப்புக்குள் ஆள் உயரத்துக்கு மேல் மொத்தமாகக் குவித்திருந்தார்கள்.

முதல் நாள் உள்ளே போனதுமே தூசி மூக்கில் ஏறியது. பயறு குடோனில் தூசி பறந்தால் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்குவோம். இங்கேயும் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து அதையே சொன்னேன். பெருக்குகிறவர்களுக்கு மேஸ்திரி மா ஸான். தகப்பன் தமிழர், தாய் பர்மியர். என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெளிக்கணுமா, ஸயா?" என்றாள். பர்மாவில் பெரியவர்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தாராளமா தெளி."

மறுநாள் காலை ஒரு பலகை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு கிடந்தது. தரையில் ஓடிய தண்ணீரைக் குடித்த அடிச்சரக்கு உப்பிப் பலகையைத் தள்ளிவிட்டது. பாதிக் குவியல் வாசல்வரை சரிந்திருந்தது. வாங்குபவரின் ரங்கூன் ஏஜெண்ட் இரண்டு நாள் கழித்துச் சரக்கைப் பார்க்க வருகிறார். அவர் வேண்டாமென்றால் ஆர்டரும் போச்சு, என் வேலையும் போச்சு.

"தண்ணி ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா, மா ஸான்?"

"தெரியும், ஸயா. முதலாளி சொல்லியிருக்காரு. நீங்க பெரியவங்க, முத நாளு வேற. மூஞ்சிக்கு நேரா எப்டிச் சொல்றது? ஆனாடே."

பிறர் மனம் சங்கடப்படுமே என்று வாயை மூடிக்கொள்வதற்குப் பர்மாக்காரர்கள் சொல்லும் வார்த்தை அது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். "முப்பது வருஷத்துல மம்பட்டி பிடிக்கவும் கத்துக்கிட்டீங்கதானே?" என்றார் அவர்.

இரண்டு நாள் எல்லோரும் சேர்ந்து அள்ளினோம். நல்ல சரக்கைக் காய்ந்த தரையில் பலகை அடுக்கி மாற்றினோம். உப்பி உதிர்ந்ததை முற்றத்து வெயிலில் பரப்பினோம்.

ஏஜெண்ட் வந்தார். குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். ஒரு பிடி அள்ளி, ஒன்றை ஒடித்துப் பார்த்துத் தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

வெளியே கேட்டருகில் மா ஸான், வெயிலில் காய்ந்த அந்த உதிர்ந்த தூளை அடுப்பில் திணித்துத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். "இது என்ன தூளு, இவ்வளவு நல்லா எரியுது?" என்றார் ஏஜெண்ட்.

"தனிச் சரக்குங்க. ஸயா முத நாளே தயார் பண்ணிட்டாரு."

முதலாளிக்குப் புரையேறிவிட்டது.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குத் தெரிந்ததைக் காட்டுவதற்கு முன்னால், "இங்கே எது ஆகாது?" என்று கேளுங்கள். துடைப்பம் பிடிக்கிறவர்களிடமும் கேளுங்கள். சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

அதன் பிறகு மா ஸானுக்கு என்னிடம் ஆனாடே துளியும் கிடையாது. நான் தண்ணீர் பாட்டிலோடு வாசலுக்கு வந்தாலே, "அங்கயே நில்லுங்க, ஸயா!" என்று கத்துவாள்.

நிற்பேன்.