தாய்மாமன் ஒளித்துவைத்த குதிரை

தலாஸ் ஆற்றங்கரையில் சோல்பான் வருவதற்கு முன்பே அவள் சிரிப்பு வந்துவிடும். குதிரை மேய்ப்பவனின் மனைவி. வாயும் ஓயாது, கையும் ஓயாது. அந்தப் புல்வெளியை ஆண்ட கானின் மனைவி பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியபோது, பெரிய இடத்துப் பெண்கள் ஒவ்வொருவராகப் பால் கொடுக்க வந்தார்கள். குழந்தை யாரிடமும் வாய் வைக்கவில்லை. கைக்குழந்தையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த சோல்பானிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது. துர்முஷ் என்று பெயர் வைத்தார்கள்.

அவள் அவனை இளவரசனாக ஒன்றும் வளர்க்கவில்லை. குதிரையிலிருந்து விழுந்தால் தூக்க மாட்டாள், மறுபடி ஏறச் சொல்வாள். பாலாடையைத் திருடினால் முதுகில் ஒன்று வைப்பாள். அழுகை நிற்பதற்குள் இன்னும் கொஞ்சம் பாலாடையும் தருவாள். அவள் மகளுக்கும் அவனுக்கும் ஒரே கிண்ணம்தான். கண்டிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது பச்சைச் செல்லம். அது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்கு மீசை அரும்பிய வருஷம் கான் இறந்துபோனார். அங்கே புதிய கானை வெள்ளைக் கம்பளத்தில் உட்காரவைத்து, நாலு குலத் தலைவர்கள் நாலு முனையையும் பிடித்துத் தூக்குவார்கள். ஒரு முனை தொங்கினாலும் அவன் கான் இல்லை. மூன்று குலங்கள் துர்முஷ் பக்கம். நாலாவது குலத்தின் தலைவன் பாய்தெமிர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதவிக்கு ஆசைப்பட்ட சித்தப்பா அவனுக்குச் சுமை சுமையாகப் பட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். சித்தப்பா கானானால் அண்ணன் மகனை உயிரோடு விடமாட்டார். அந்த நினைப்பில் சோல்பானுக்குச் சோறு இறங்கவில்லை, சிரிப்பும் நின்றுபோனது.

பாய்தெமிர் அவளுடைய சொந்தத் தம்பி.

ஒருநாள் காலை அவள் துர்முஷைக் கூட்டிக்கொண்டு பிறந்தவீட்டுக்குக் குதிரையில் கிளம்பினாள். அக்காள் மகன் வாய்விட்டுக் கேட்டதைத் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது என்பது அந்தப் புல்வெளியின் வழக்கம். அதனாலேயே மருமகன் தலை தெரிந்தால் நல்ல பொருளையெல்லாம் ஒளித்துவைப்பதும் வழக்கம். பாய்தெமிரிடம் ஒரு சாம்பல் குதிரை இருந்தது. பெண்டாட்டியைக்கூட அவன் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. தூரத்தில் இவர்களைக் கண்டதும் அதைக் கூடாரத்துக்குள் இழுத்து, மெத்தைகளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டான்.

ஊரே கூடிவிட்டது. பால் குடித்தவன் சொந்த மருமகன் ஆவானா என்று யாரோ இழுத்தார்கள். மார்க்கத்தில் பால் உறவும் ரத்த உறவும் ஒன்றுதான் என்று முல்லா முடித்துவைத்தார். அந்த நேரம் பார்த்துக் கூடாரத்துக்குள் குதிரை கனைத்தது. பாய்தெமிரின் மனைவி பலமாக இருமினாள். மறுபடி கனைத்தது. அவள் எத்தனை முறைதான் இருமுவாள், பாவம்.

பாய்தெமிருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "மாப்ளே, குதிரைய விட்டுடு. வேற எது வேணும்னாலும் கேளு. இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், தர்றேன்."

"குதிரை உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா," என்றான் துர்முஷ். "வெள்ளிக்கிழமை கம்பளத்துல ஒரு முனைய நீங்க புடிக்கணும்."

பாய்தெமிர் அக்காளைப் பார்த்தான். "இது உன் வேலைதானே அக்கா?"

"பால் குடுத்தது நானு. கேட்டது அவன்," என்றாள் சோல்பான். "என் புள்ளைய எனக்குக் குடுத்துடு தம்பி."

அவன் தலையைச் சொறிந்தான், பட்டுத் துணியையெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டுமே என்று முனகினான், பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். கொழுத்த ஆடு ஒன்று அறுபட்டது. சோல்பான் இத்தனை நாள் சாப்பிடாததற்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கம்பளத்தை விரித்தார்கள். எல்லோரும் புதிய கானையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தம்பியின் கைகளை மட்டும் பார்த்தாள். அவை முனையை இறுகப் பற்றின. கம்பளம் எழுந்தது. புல்வெளி முழுக்க "கான்! கான்!" என்று கத்தினார்கள். சோல்பானுக்கு அந்தச் சொல் காதிலேயே விழவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டான் என்று பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் பிடித்து உலுக்கி உலுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.